ரைட் பேக்கும் பேட்டரியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. புதிய சர்வருக்கு, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் மெகாரெய்டு கார்டும் எட்டு ஹார்டு டிஸ்க்குகளும் வந்துவிட்டதாகவும், ரைட் பாலிசியை, அதாவது டேட்டாவை எழுதும் முறையை, எதில் வைப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் பட்டு அறிந்த விஷயம் என்பதால் உடனே எழுதுகிறேன்.

ரைட் த்ரூ என்றால், டேட்டா டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் கார்டு 'எழுதியாயிற்று' என்று சொல்லும். ரைட் பேக்கில், தன் கேஷ் என்ற தற்காலிக மெமரிக்கு வந்து சேர்ந்ததுமே சொல்லிவிடும். ரெய்டு 5-இல், அதாவது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பேரிட்டி என்ற மீட்புத் தகவலையும் சேர்த்து எழுதும் அமைப்பில், ஒரு சிறு பதிவுக்குப் பழைய டேட்டாவையும் பேரிட்டியையும் படித்து, புதியவற்றை எழுத வேண்டும், அதாவது டிஸ்க்கில் நான்கு வேலைகள். ஆகவே ரைட் பேக் தரும் வேகம் சாதாரணமானது அல்ல. ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அந்த 'எழுதியாயிற்று' என்ற சொல்லை அப்படியே நம்புகிறது. மின்சாரம் போனாலும் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது கார்டில் இருக்கும் பேட்டரிதான்.

என் பொறுப்பில் இருந்த சர்வரின் பேட்டரி, தன் திறனை அளந்துகொள்வதற்காக அவ்வப்போது முழுவதும் இறங்கி மறுபடி சார்ஜ் ஏறும் பழைய வகை. அந்தச் சில மணி நேரத்துக்குக் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்குப் போய்விடும். அந்த நாள்களில் சர்வர் மந்தமாக இருக்கிறது என்று பில் போடும் பிரிவிலிருந்து புகார் வராமல் இருந்ததில்லை. அதைச் சமாளிக்க 'ஆல்வேஸ் ரைட் பேக்' என்று மாற்றிவிட்டேன். பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேஷிலேயே எழுது என்பதுதான் அதன் பொருள். புகார் நின்றது. பேட்டரி செத்த பிறகும் சர்வர் அதே வேகத்தில் ஓடியதால், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த மந்தம்தான் எங்களுக்கு இருந்த ஒரே எச்சரிக்கை. அதை நானே அணைத்திருந்தேன்.

ஒரு மாலை யுபிஎஸ் கைவிட்டது. மின்சாரம் திரும்பியதும், அடாப்டர் (அதாவது கார்டு) மீண்டுவிட்டது, கேஷில் இருந்த டேட்டா தொலைந்துவிட்டது என்ற செய்தி திரையில் நின்றது. போஸ்ட்கிரெஸ் எழவே இல்லை. முந்தின இரவின் பேக்கப்பை ஏற்றிவிட்டு, அன்று போட்ட பில்களை எல்லாம் காகிதப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டினார்கள். கழற்றி எடுத்த பேட்டரி நடுவில் உப்பி, மேசையில் வைத்தால் ஆடியது. அந்த இரவை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் நீ வெறும் ரைட் பேக்கில் வை. பேட்டரி பழுதானால் கார்டு ரைட் த்ரூவுக்கு இறங்கட்டும், மந்தமானால் ஆகட்டும். டிஸ்க்குகளின் சொந்தக் கேஷையும் மறக்காமல் அணைத்துவிடு, ஏனென்றால் கார்டின் பேட்டரி காப்பது கார்டின் மெமரியை மட்டுமே. பேட்டரியின் நிலையை ஸ்டோர்சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவி மூலம் தினமும் பார்த்து, கோளாறு என்றால் உனக்கு மின்னஞ்சல் வரும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடு. இடம் போதுமென்றால், ஒவ்வொரு டேட்டாவையும் இரண்டு டிஸ்க்குகளில் வைக்கும் ரெய்டு 10 போடு, பாதிக் கொள்ளளவு போனாலும் டேட்டாபேஸுக்கு அதுவே பொருத்தம். டிஸ்க்குகளில் பழுது இருக்கிறதா என்று கார்டு தானே படித்துப் பார்க்கும் பேட்ரோல் ரீடு 168 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும்; அதில் கை வைக்காதே. ஸ்ட்ரைப் அளவை, அதாவது டேட்டாவைப் பிரித்து டிஸ்க்குகளில் வைக்கும் துண்டின் அளவை, இருப்பதுபோலவே விட்டுவிடலாம்.

இப்போது வரும் பல கார்டுகளில் பேட்டரிக்குப் பதிலாக, மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. மின்சாரம் போன நொடியில் கேஷில் உள்ளதை, மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு மாற்றிவிடும் என்பதால், பேட்டரி தீரும் முன் சில நாள்களுக்குள் மின்சாரம் வர வேண்டுமே என்ற கவலை இல்லை. டேட்டா ஏற்றும் முன் உன் கார்டில் இருப்பது எது என்று மூடியைத் திறந்து பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்