அந்த அம்மிக்கல் பக்கத்தில் நாலு வரி தமிழ் வையுங்கள்

மதிப்புக்குரிய அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் அந்தக் காலத்து வணிகர் வீட்டைச் சாமான் செட்டோடு காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள், முதலில் அதற்கு நன்றி. போன பள்ளி விடுமுறையில் அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும், கவுண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பதில் வராததால் இங்கே எழுதுகிறேன்.

என் அம்மா மலாயும் ஹொக்கியன் சீனமும் சரளமாகப் பேசுவார், ஆனால் வாசிக்க வருவது தமிழ் மட்டும்தான். குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் வளர்ந்தவர். 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு அடியோடு போனதும் வாடகை ஏறி, எங்கள் குடும்பம் தீவை விட்டு அக்கரைப் பெருநிலத்துக்குப் போய்விட்டது. விடுமுறையில் உங்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்க, அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி வந்தோம். உள்ளே நுழைந்து, வானம் பார்த்த நடுமுற்றத்தைக் கண்டதும் "எங்க வீட்டுலயும் இப்படித்தான், மழை நேரா உள்ள விழும்" என்று அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அடுப்படிக்கு வந்தோம். அங்கே ஓர் அம்மி, மேலே குழவி. அம்மா குனிந்து பார்த்தார், நடுவில் வழவழவென்று குழிந்திருந்தது. "அம்மி கொத்தி ரொம்ப நாளாச்சு போல, இதுல மிளகாய் வச்சா வழுக்கிட்டுப் போகும்" என்றார். பக்கத்து அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். மூன்று மொழி இருந்தது, தமிழ் இல்லை. நான் மெதுவாகப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். உடனே உங்கள் ஊழியர் வந்து, உரிமம் உள்ள வழிகாட்டி தவிர யாரும் விளக்கம் சொல்லக் கூடாது என்று எல்லார் முன்னாலும் நிறுத்தினார். பெற்ற தாய்க்கு மகள் படித்துக் காட்டுவது வழிகாட்டி வேலையா? தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாக அம்மா நினைத்துக்கொண்டார். மாடியில் முத்துச்சிப்பி பதித்த நாற்காலிகள், பட்டுத் திரை போட்ட கட்டில், எதைப் பார்த்தும் வாயே திறக்கவில்லை. என்னால் இன்னும் மறக்க முடியாதது அந்த மௌனம்தான்.

நாங்கள் கேட்பது ஒவ்வோர் அறையிலும் நாலு வரி தமிழ். 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுடைமைத் தளமாக ஏற்றுக்கொண்டதே பல இனத்தார் கூடி வாழ்ந்த துறைமுகம் என்பதால்தானே? குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833-இலிருந்து அங்கே நிற்கிறது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்ற வட்டிக்கடைகளில் உட்கார்ந்து செட்டியார்கள் கொடுத்த கடனில் எத்தனையோ பேர் வியாபாரம் நடந்தது. ஆனால் மரபுடைமை என்று வரும்போது, தெருப் பலகை தொடங்கி எங்கே பார்த்தாலும் தமிழைக் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, இது எங்களுக்கு அலுத்துவிட்டது.

சரி, அதெல்லாம் உங்கள் ஒருவர் கையில் இல்லை, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவாகக் கேட்கிறேன். அட்டைகளில் தமிழ் சேருங்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நானே காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். அதுவரை, வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொன்னால் தடுக்க வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொல்லி வையுங்கள்.

அப்புறம், அந்த அம்மியை ஒருமுறை கொத்தி வையுங்கள். அம்மா சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
பினாங்குத் தமிழ்ப்பெண் ஒருத்தி