தாள்கள் காய்ந்துவிட்டன

அன்புடையீர்,

எங்கள் ஆவண அறைக்குள் தண்ணீர் புகுந்து பழைய தாள்களும் சுவடிகளும் நனைந்தது ஊருக்கே தெரியும், திரும்ப விரிவாக எழுதவில்லை. தரையில் விரித்தவற்றில் கடைசித் தாளும் இன்று காலை காய்ந்தது. அறையின் ஈரப்பதம் 52 சதவீதத்தில் நிற்கிறது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும் என்பதால் இத்தனை நாளும் ஈரப்பதமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வட்டார வரலாற்றுக் கழகத்தின் ஆவண அறைக் குழு சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி, புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாற்றிய தையல்கடை பாய்க்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் அவரிடம் கேட்டுப் போனது பத்து மீட்டர் வெள்ளை மல் துணி. எதற்கு என்று கேட்டார். நனைந்த தாள்களைத் தூக்கி எடுக்க என்றோம். “மல் துணி வேணாம். ஈரத்துல நூல் பிரிஞ்சு எழுத்து மேல ஒட்டிக்கும். பேப்பர் கேன்வாஸ் எடுத்துட்டுப் போங்க. ஆனா இந்தச் சுருள் இல்ல, இதுல கம் இருக்கு” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் விலை பலருக்குத் தெரிந்திருக்காது. சட்டைக் காலருக்கு உள்ளே வைக்கும் பேப்பர் கேன்வாஸ் இரண்டு வகை. ஒன்றில் ஒரு பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பசைப்புள்ளி இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும், நகத்தால் வருடினால் சொரசொரக்கும். ஈரத்தில் அது சும்மா இருக்கும். தாள் காய்ந்தபின் சுருக்கம் எடுக்கிறேன் என்று யாராவது ஆர்வக்கோளாறில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தாளும் கேன்வாஸும் ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்க வழியே இல்லை. மற்றது பசை இல்லாதது. ஊடும் பாவும் கிடையாது, நூல் பிரியாது, தண்ணீரை வழிய விடும், தாளில் ஒட்டாது. ஆவணப் பராமரிப்பாளர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நெய்யாத பாலியெஸ்டர் துணியின் உள்ளூர்த் தம்பி அது.

தீபாவளித் தையல் மலைபோல் குவிந்திருந்த வாரம். அவர் கடையை அரை நாள் பையனிடம் விட்டுவிட்டு மூன்று சுருளோடு வந்து உட்கார்ந்தார். ஃபூல்ஸ்கேப் தாள் எட்டரைக்குப் பதின்மூன்றரை அங்குலம். சுற்றிலும் ஓர் அங்குலம் கூட்டி, பத்தரைக்குப் பதினைந்தரையாக, பதினாறு மடிப்பை ஒரே வீச்சில் வெட்டித் தள்ளினார். விளிம்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்த ஓர் அங்குலம் இல்லாவிட்டால் பிடிக்க இடமிருக்காது, விரல் தாளின் மேல்தான் விழும்.

வேலை இப்படித்தான் போனது. நனைந்த கட்டின் மேல்தாளில் கேன்வாஸ் துண்டை விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தடவ வேண்டும். ஈரத்தாலேயே தாள் கேன்வாஸைப் பற்றிக்கொள்ளும். ஒரு மூலையில் தொடங்கிக் கேன்வாஸைத் தூக்கினால் தாளும் கூடவே வரும். அப்படியே புரட்டி, ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளின் மேல் கிடத்த வேண்டும். தனித் தாளை விரலால் தூக்கினால், அதிலும் மரக்கூழில் செய்த மலிவான துண்டறிக்கைத் தாள் என்றால், பாதி கையில் வரும், பாதி கட்டிலேயே நிற்கும். 1939 ஜூலை 8-இல் ஒடுக்கப்பட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததை ஒட்டி வெளியான துண்டறிக்கைகள் இன்று முழுத்தாளாக இருப்பது இந்தத் துண்டுகளால்தான்.

ஒற்றுத்தாளை முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த நாள் காலையும் மாலையும் மாற்றினோம். அச்சடித்த செய்தித்தாளை வைக்க வேண்டாம் என்று தலைபாடாகச் சொல்ல வேண்டியிருந்தது; அதன் மை ஈரத்தில் இடம் மாறும். மின்விசிறி சுவரைப் பார்த்து ஓடட்டும், தாளைப் பார்த்து வேண்டாம். வெயில் கூடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம் பொருந்தாது. மாங்குளம், அரிட்டாபட்டிக் குகைக் கல்வெட்டுகளின் மசிப்படிகளை (கல்லெழுத்தை மசியால் தாளில் ஒற்றி எடுத்த படிகளை) ஒருபோதும் பாரம் வைத்துக் காயவிடக் கூடாது. ஈரத்தாளைக் கல்லில் வைத்துத் தூரிகையால் அடித்து எடுத்த மேடுபள்ளம்தான் அதன் உயிர். அழுத்தினால் எழுத்து தட்டையாகிவிடும். மசியில் கலந்த கோந்தும் நீரில் கரையும், அதனால் தடவவும் கூடாது. கொசுவலையை இழுத்துக் கட்டி அதன்மேல் கிடத்தினோம். இரண்டு படிகளில் ஓர் ஓரம் கரைந்துவிட்டது. அது எங்கள் அவசரத்தின் பலன், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஓலைச்சுவடிகள் எழுத்தாணியால் கீறியவை என்பதால் எழுத்து போகவில்லை. மேலே தடவிய கரிதான் கழுவிப் போயிற்று. நன்றாகக் காய்ந்தபின் மறுபடி கரி தடவி மையாடலாம். கயிற்றை அறுத்து ஏடுகளை வரிசை எண்ணிட்டுப் பிரித்து, நிழலில், இலேசான பாரத்தில் வைத்திருக்கிறோம். சுவடிக்கு வழக்கமாகப் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெய் இப்போது வேண்டாம். ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான விழா மலர்கள்தான் பெரிய தலைவலி. பக்கங்கள் ஒட்டியபடி காய்ந்தால் செங்கல் ஆகிவிடும். ஊதா முத்திரையும் மைப்பென்சில் எழுத்தும் கசியத் தொடங்கிய மனுக்களுக்கும் இரண்டு நாள் கெடுதான். இரண்டங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் பொட்டலம் கட்டி உறைய வைத்தால் நேரம் நம் பக்கம் நிற்கும். மீன் வியாபாரி ஒருவர் தன் ஃப்ரீசரில் ஒரு பகுதியைக் காலி செய்து கொடுத்தார். பதினோரு பொட்டலங்கள் இன்னும் அங்கே தூங்குகின்றன. வாரம் ஒன்றாக எடுத்துவந்து பிரிப்போம். மீன் வாசனை ஏறவில்லை, கேட்டவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

மாட்டுத்தாவணிப் பூக்கடைக்காரர்கள் மல்லிகை அனுப்பும் தெர்மோகோல் பெட்டிகளைத் தந்தார்கள், அச்சகத்தார் தாள் சுருள்களில் அச்சடிக்காமல் மீந்த முனைகளைத் தந்தார்கள், கல்யாண மண்டபத்தார் ஏசி அறையைத் திறந்துவிட்டார்கள். ஷிப்ட் போட்டு ஒற்றுத்தாள் மாற்றிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ராத்திரி இரண்டு மணிக்கும் டீ கொடுத்த அக்காவுக்கும், கரண்ட் போனபோதெல்லாம் ஓடிவந்த ஒயர்மேன் அண்ணனுக்கும் தனித்தனியே நன்றி சொல்ல இந்த மடலில் இடமில்லை. நேரில் வருகிறோம்.

இனிமேல் எந்தக் கட்டும் தரையிலிருந்து ஓரடிக்குக் கீழே இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், மழைக்கு முன், வெட்டிய கேன்வாஸ் நூறு துண்டு, ஒற்றுத்தாள், தட்டுகள், கையுறை அடங்கிய பெட்டியைத் திறந்து சரிபார்ப்போம். உங்கள் வீட்டில் பத்திரமோ பழைய ஃபோட்டோவோ நனைந்தால் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். ஒட்டிக்கொண்ட ஃபோட்டோக்களை மட்டும் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொண்டுவாருங்கள். காய்ந்துவிட்டால் பிரிப்பது கடினம்.

மீந்த ஒன்றரைச் சுருளைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பாய் வாங்கவில்லை. சாக்கட்டியால் மேலே “கம் இல்லை” என்று பெரிதாக எழுதி எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கழக வாசலில் இரண்டு டேபிள் ஃபேன், ஒரு டீ கேன், யாருடையது என்று தெரியாத மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும். கேரியரைக் கழுவி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
ஆவண அறைக் குழு
மதுரை