படித்துப் பார்ப்பதும் தொட்டுப் பார்ப்பதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதுகுவலி குறைந்து நீ மறுபடி உட்கார்ந்து வேலை செய்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, அதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

உன் மென்பொருள் திட்டத்தில் முப்பதுக்கு மேல் புல் ரிக்வெஸ்ட் (‘என் நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்’ என்று அனுப்பும் கோரிக்கை) தேங்கிக் கிடக்கிறது, அவற்றைப் பார்த்துச் சரி சொல்ல, அதாவது ரிவ்யூ செய்ய, ஆளே வருவதில்லை என்று எழுதியிருந்தாய். ஆள் இல்லாமல் இல்லை. வருகிறவர்களை உன் பில்டு, அதாவது நிரலை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வேலை, வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் முகவரிப் படிவத்தில் ஒரு சின்னத் திருத்தம் என் பார்வைக்கு வந்தது. என் கணினியில் அப்போது வேறொரு பிராஞ்சில் (நிரலின் தனிக் கிளையில்) பாதி வேலை. அதை ஒதுக்கி வைத்து, இந்த பிராஞ்சை எடுத்து, லைப்ரரிகளை மறுபடி இறக்கி, டேட்டாபேஸை மாற்றி, பில்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பி வரும்போது டேட்டாபேஸ் என் பழைய வேலைக்கு ஒத்துவராது, அதைச் சரிசெய்ய இன்னொரு அரை மணி. முப்பது வரிதானே என்று நிரலை மட்டும் படித்தேன். சுத்தமாக இருந்தது. ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதி மெர்ஜ் செய்தேன், அதாவது முதன்மை நிரலில் சேர்த்துவிட்டேன். கைபேசியில் கீபோர்டு மேலே வந்ததும் ‘சேமி’ பொத்தான் அதற்கு அடியில் போய்விடுகிறது என்று இரண்டு நாள் கழித்துப் பயனர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நிரலைப் படித்தவர் கண்ணில் அது படாது. ஒரு தடவை திறந்து தட்டிப் பார்த்திருந்தால் பத்து விநாடியில் பட்டிருக்கும். இன்னும் மனதை உறுத்துகிறது.

1976-ல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் நிரல் ஆய்வுக்கு முறை வகுத்து எழுதியபோது, சிலர் கூடி உட்கார்ந்து நிரலைப் படித்துப் பிழை தேடுவதுதான் வேலை. அந்தப் படிப்பு இன்றும் வேண்டும். ஆனால் திரையில் நடப்பதைத் திரையில்தானே பார்க்க வேண்டும்?

அதனால் மூன்று மாதம் முன்பு எங்கள் குழுவில் முன்னோட்டத் தளம் போட்டோம். புல் ரிக்வெஸ்ட் திறந்ததும் சர்வரில் தானாக பில்டு நடந்து, அதன் எண்ணோடு ஒரு தனி முகவரியில் தளம் எழும். லிங்க் அந்த ரிக்வெஸ்ட்டுக்குக் கீழேயே வந்து நிற்கும். புதிதாக ஏதாவது சேர்த்தால் தளமும் மாறும், மூடினால் அழிந்துவிடும்.

முதல் வாரத்திலேயே எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரு குறிப்பு எழுதினார். “‘சமர்ப்பிக்கவும்’ பொத்தானுக்குள் அடங்காமல் ‘சமர்ப்பிக்க’ என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. ‘அனுப்பு’ என்று போடலாமா?” நான்கு வருடமாக எங்களோடு இருப்பவர். மெர்ஜ் ஆவதற்கு முன்னால் அவர் எதையும் பார்த்ததே இல்லை, நாங்களும் காட்டியதில்லை. அன்று பேருந்தில் கைபேசியிலேயே திறந்து பார்த்திருக்கிறார். அதைப் படித்தபோது இத்தனை காலம் யாரையெல்லாம் வெளியே நிறுத்தியிருந்தோம் என்று யோசித்தேன். உன் திட்டத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள்.

உனக்கு உண்மையில் வேலை வைக்கப்போவது டேட்டாதான். காலித் தளத்தைத் திறந்து யாரும் எதையும் சோதிக்க முடியாது. நிஜப் பயனர்களின் விவரத்தை நகலெடுத்துப் போடவே கூடாது, அது யார் கையிலும் போய்விடும். நாங்கள் உட்கார்ந்து மாதிரி டேட்டா எழுதினோம்: ஒற்றை எழுத்துப் பெயர், அறுபது எழுத்துப் பெயர், படம் இல்லாத கணக்கு, ஒன்றுமே வாங்காத கணக்கு, ஆயிரம் ஆர்டர் உள்ள கணக்கு. இரண்டு நாள் பிடித்தது. பாதிப் பிழைகளை அந்த அறுபது எழுத்துப் பெயர்தான் பிடித்துத் தருகிறது. மறக்காமல் முன்னோட்டத் தளம் மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவை, தேடுபொறிகளுக்கும் கதவைச் சாத்து.

அப்புறம் பாதுகாப்பு. இதை நிதானமாகப் படி. உன் திட்டத்துக்கு முன்பின் தெரியாதவர்களும் நிரல் அனுப்புகிறார்கள், அது உன் சர்வரில் ஓடப்போகிறது. வெளியார் ஃபோர்க்கிலிருந்து (அவர் தனக்கென எடுத்த நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் உன் ரகசிய டோக்கன்களை, அதாவது சர்வருக்குள் நுழையும் சாவிகளை, கொடுக்காது. அதனால் டெப்ளாய் ஆகாது (தளம் சர்வரில் ஏறாது), உனக்கும் எரிச்சலில் ‘புல் ரிக்வெஸ்ட் டார்கெட்’ முறைக்கு மாறத் தோன்றும். அதில் டோக்கன்கள் கிடைக்கும். அங்கே வெளியார் நிரலை எடுத்து பில்டு செய்தால் டோக்கன்களை அவர் கையில் கொடுத்த மாதிரிதான். பில்டை ரகசியம் எதுவும் இல்லாமல் ஓட்டு. கிடைத்த கோப்புகளைத் தனியான இரண்டாவது வேலை எடுத்து ஏற்றட்டும்.

முன்னோட்டத்துக்கு உன் தளத்தின் சப்டொமைனை (அதன் முகவரிக்குள் வரும் துணை முகவரியை) கொடுக்காதே, வேறு டொமைனே வாங்கு. முதன்மை டொமைனுக்குப் போட்ட குக்கி (உள்நுழைந்தவரை அடையாளம் காண உலாவி வைத்திருக்கும் துணுக்கு) சப்டொமைனுக்கும் போகும், அங்கே ஓடும் வெளியார் நிரல் அதைத் தவறாகப் பயன்படுத்தலாம். கிட்ஹப் 2013-ல் பயனர்களின் பக்கங்களை கிட்ஹப்.ஐஓ-வுக்கு மாற்றியது இந்த மாதிரித் தாக்குதல்களைத் தவிர்க்கத்தான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். லிங்க் வந்த பிறகு சிலர் தளத்தை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நிரலைப் படிக்காமல் ஒப்புதல் கொடுக்கிறார்கள். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக ஒருவர் பெயர் போட வேண்டும் என்று விதி வைத்தோம்.

சர்வருக்குக் காசு எங்கே என்று நீ கேட்பாய். வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டைப் பார்த்திருக்கிறாயா? வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஹெச்பி மொழியையே வெப்அசெம்பிளியாக (உலாவியில் ஓடும் வடிவமாக) மாற்றி உலாவிக்குள்ளேயே ஓட்டுகிறார்கள், பின்னால் சர்வரே கிடையாது. விக்கிமீடியாவின் பேட்ச் டெமோ வேறு வழி: கெரிட்டில் (அவர்கள் ரிவ்யூ செய்யும் கருவியில்) இருக்கும் மாற்றத்தின் எண்ணைக் கொடுத்தால், அந்த மாற்றத்தோடு ஒரு மீடியாவிக்கி (விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருள்) தளத்தை எழுப்பித் தரும். கேட்டால் மட்டும் தளம் எழுவதால், உன் முப்பதுக்கும் இதுவே பொருந்தும் என்று படுகிறது. சின்ன சர்வர் ஒன்றில் ஒரே நேரத்தில் ஐந்து தளம், ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் அழித்துவிடலாம்.

உன் டாக்கர் கோப்பையும் (நிரல் ஓடும் சூழலை விவரிக்கும் கோப்பு) டேட்டாபேஸ் அமைப்பையும் எனக்கு அனுப்பு. வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சும்மாதான் இருக்கிறேன். சனிக்கிழமை காலை கூப்பிடுகிறேன், சேர்ந்து உட்காரலாம். மாதிரி டேட்டாவை மட்டும் நீயே எழுதிவை, உன் பயனர்களை உனக்குத்தான் தெரியும்.

நாற்காலியிலிருந்து அவ்வப்போது எழுந்து நட.

அன்புடன்,
உன் பழைய நண்பன்