அவசரப்பட்டவர்களுக்கு நன்றி

என் தம்பியைக் காப்பாற்றிய அனைவருக்கும்,

தம்பிக்கு வந்தது ஆன்டி-ஜிபிஎம் நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது. சிறுநீரக வடிகட்டிகளின் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் ஒரு வகையை உடலின் எதிர்ப்புச் சக்தியே பகையென்று தாக்குகிறது. அழற்சி மூண்டால் சில வாரங்களில், சிலருக்குச் சில நாள்களிலேயே, இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிடலாம். நுரையீரலிலும் இரத்தம் கசியலாம். இதையெல்லாம் நாங்கள் பிறகுதான் அறிந்தோம். உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் உங்களில் ஒருவர்கூட 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லவில்லை.

களைப்பு, குமட்டல் என்று வந்தவனிடம் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்ட குடும்ப மருத்துவர் அம்மாவுக்கு என் முதல் வணக்கம். எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கியது. சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்து, சிவப்பணுக்கள் உருளைகளாகத் திரண்டிருக்கின்றன என்று அறிக்கை தயாராகும் முன்பே தொலைபேசியில் சொன்ன ஆய்வகப் பணியாளரே, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சிறுநீரகத்திலிருந்து பயாப்சிக்காக எடுத்த திசுவைப் பார்த்து, சவ்வு நெடுகக் கோடாகப் படிந்திருந்த, அதைத் தாக்கும் எதிர்ப்பொருளை அடையாளம் கண்டவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

சிறுநீரக மருத்துவர் ஐயா, இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும் வரை காத்திராமல் ஸ்டீராய்டையும், இரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையையும் தொடங்கினீர்கள். அந்தத் துணிவுக்கு என்ன கைம்மாறு செய்வோம்? கழுத்தில் குழாயுடன் படுத்திருந்தவனிடம், உதடு மரத்துப்போகிறதா, விரல் நுனி கூசுகிறதா என்று சலிக்காமல் கேட்டு, அந்தச் சிகிச்சையில் இரத்தத்தில் கால்சியம் குறைவதை முன்கூட்டியே கண்டுகொண்ட செவிலியர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இரத்தக் கொடையாளர்களை எப்படி அழைப்பது? அவன் உடலிலிருந்து எடுத்த பிளாஸ்மாவுக்கு ஈடாக ஏற்றிய அல்புமின் என்ற இரத்தப் புரதமும், பயாப்சிக்குப் பின் கசிவுக்கு அஞ்சி ஏற்றிய பிளாஸ்மாவும் நீங்கள் தந்தவை. என்றோ ஒரு நாள் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் தம்பியிடம் வந்து சேர்ந்தது.

இப்போது எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படவில்லை. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இழந்த பகுதி இழந்ததுதான் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார், அதற்கும் நன்றி. புகை நுரையீரல் கசிவைத் தூண்டும் என்று கேட்டதும் அவனோடு சேர்ந்து சிகரெட்டை விட்டுவிட்ட அவன் நண்பர்களே, உங்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. அடுத்த மாதம் அவன் வேலைக்குத் திரும்புகிறான்.

அன்புடன்,
அவன் அக்கா