ஆண்டறிக்கை 2024-25: நூலக அறையில் கதை விளையாட்டு மாலைகள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், மாதம் ஒரு சனிக்கிழமை மும்பை செம்பூரில் உள்ள நம் நூலக அறையில் வீடியோ கேம் ஆட அனுமதி வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். புத்தகம் படிக்கிற இடத்தில் சுடுகிற சத்தம் எதற்கு என்று நினைத்தேன். அவர்கள் கொண்டுவந்தது வேறு வகை. கதை ஓரிடத்தில் நின்று, நீ என்ன செய்யப்போகிறாய் என்று நம்மைக் கேட்கிறது. பதிலை வைத்துத்தான் மேலே நகர்கிறது.

12 கூட்டங்கள் திட்டமிட்டோம், 10 நடந்தன. ஜூலையில் மழையால் ஹார்பர் லைன் ரயில்கள் நின்று, வடாலாவிலிருந்தும் வாஷியிலிருந்தும் யாரும் வர முடியவில்லை. அக்டோபரில் அறையைக் கொலுவுக்குக் கொடுத்துவிட்டோம்.

முதலில் ஆடியது, டெல்டேல் நிறுவனம் 2012-இல் ஐந்து பாகங்களாக வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’. உலகம் நொறுங்கிப்போன நேரத்தில், லீ என்பவன் கிளெமென்டைன் என்கிற சிறுமியைக் காப்பாற்றிக் கூட்டிச் செல்கிறான். கைதூக்கி வாக்கெடுத்து முடிவு செய்யலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் பல கேள்விகளுக்குச் சில நொடிகளே அவகாசம். பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு பதிலாகக் கணக்கில் ஏறுகிறது. அதனால் ஆட்டத்தை இயக்கும் கன்ட்ரோலர் யார் கையில் இருக்கிறதோ அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி. லீயின் கையில் நான்கு பேருக்கான தீனிதான் இருக்கிறது, பசியோடு இருப்பவர்களோ அதைவிட அதிகம். அன்று கன்ட்ரோலர், ராமநவமிப் பந்தியில் பல வருடங்களாகப் பரிமாறிவரும் மாமியிடம் இருந்தது. இரண்டு குழந்தைகளுக்கு முதலில் கொடுத்தார். மூன்றாவதை, எல்லோரையும் ஏசிக்கொண்டே இருக்கும் கிழவருக்குக் கொடுத்தார். “பசியில பேசுறதைக் கணக்குல வைக்கக் கூடாதுப்பா” என்றார். உழைக்கிறவனுக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவன் கேட்க, அந்தப் பேச்சு இரவு ஒன்பதரை வரை போனது. இந்த அறையில் ஒரு நாவலுக்காகக்கூட அப்படி விவாதித்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு சிக்கல் வந்தது. முதல் பாகத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் பாகத்தில் அவரும் இறந்துபோகிறார் என்று ஒருவர் இரண்டு முறை ஆடிப் பார்த்துச் சொன்னார். அப்படியானால் நாம் தேர்ந்தெடுத்ததற்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. பத்து இடங்களில் கதை இரண்டிரண்டாகப் பிரிந்தால் 1,024 வழிகள் ஆகிவிடும். அத்தனையையும் எழுதி, குரல் கொடுத்து, வரைய எந்த நிறுவனத்தாலும் ஆகாது. அதனால் பிரிந்த கிளைகளை முன்னால் எங்கேயோ ஒன்றுசேர்த்துவிடுகிறார்கள். “கூத்துல கர்ணன் பிழைக்க மாட்டான்னு தெரிஞ்சுதானே விடியவிடிய உட்கார்ந்திருக்கோம்” என்றார் ஒரு பெரியவர். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. யாரோ விட்டுச்சென்ற காரிலிருந்த உணவை நாம் தொடாவிட்டாலும் கூட இருப்பவர்கள் எடுத்துவிடுகிறார்கள். கடைசிப் பாகத்தில் காரின் சொந்தக்காரன் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் தொண்டை ஒரே மாதிரி இருப்பதில்லை.

அப்புறம் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. லூக்காஸ் போப் 2013-இல் வெளியிட்டது, மொத்தம் 20 முடிவுகள். நாம் எல்லைச் சாவடி அதிகாரி. எத்தனை பேரைப் பரிசோதித்து முடிக்கிறோமோ அத்தனைக்குத்தான் கூலி, அதில்தான் வீட்டுச் சாப்பாடும் மருந்தும். கணவனிடம் எல்லாத் தாள்களும் சரியாக இருக்கின்றன, பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து அபராதம். அரசு அலுவலகக் கவுன்டரில் முப்பது வருடம் இருந்த நம் உறுப்பினர், அந்தப் பெண்ணை உள்ளே விட்டார். பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சர்வீசில் ஒரு விதவையைத் தாள் குறைவென்று மூன்று முறை திருப்பி அனுப்பியதைச் சொன்னார். அன்று அதற்குமேல் ஆடவில்லை.

டிசம்பரில் ‘வெண்பா’ ஆடினோம், அறை நிரம்பி வழிந்தது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. டொரன்டோவில் உருவாகி 2023-இல் வெளிவந்து, 2024-இல் முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி வார்க்கும் இடத்தில் திரைக்கு முன்னால் பத்து பேர் யோசனை சொன்னார்கள்.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். மற்ற விளையாட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பிள்ளைகள் வரிக்கு வரி தமிழில் சொல்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறது, பெரியவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். எனவே வரும் ஆண்டில் நாமே எழுதிப் பார்க்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து. ட்வைன் என்ற இலவச மென்பொருளில் தமிழிலேயே கிளைக்கதை எழுதலாம், புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மாணவிகள் தொடங்கியும் விட்டார்கள். குர்லாவில் கடைசி லோக்கலைத் தவறவிட்ட ஒரு பெண், யாருக்கு முதலில் போன் செய்வாள் என்பதில் அவர்கள் கதை பிரிகிறது. அதற்காக மாதம் இன்னொரு மாலை அறையை ஒதுக்கும் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். டிவியைத் தோளில் சுமந்து வந்த இளைஞர்களுக்கும், பத்து மாலையும் காபி கொடுத்தவர்களுக்கும் நன்றி.

செயலாளர்