ஜப்பானின் கார்க் கடன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடன் நிறுவனத்தாருக்கும், அவர்களோடு சேர்ந்து கார் விற்கும் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம். ஹமாமட்சுவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளன் எழுதுகிறேன். இதையே ஜப்பானிய மொழியிலும் எழுதி அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவது, இனிமேல் இங்கே வந்து இறங்கப்போகும் நம் ஊர்ப் பிள்ளைகளும் படித்துக்கொள்ளட்டும் என்றுதான்.

கடன் விண்ணப்பம் கொடுத்தால் உங்களில் பலர் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பே வசிப்பு அட்டையைப் பார்க்கிறீர்கள். அதில் நிரந்தர வசிப்புரிமை இருந்தால் மேற்கொண்டு பேச்சு. இல்லையென்றால் மறுப்பு. மனமிறங்கினால், விசா முடியும் தேதிக்குள் மொத்தக் கடனையும் அடைக்கச் சொல்வீர்கள், அல்லது ஜப்பானியர் ஒருவரின் ஜாமீன் கேட்பீர்கள். 'யாருக்கும் ஜாமீன் போடாதே, யாரிடமும் ஜாமீன் கேட்காதே' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயரே இன்னும் சரியாகப் பழகாத மேலாளரிடம் போய் அந்தக் கையெழுத்தைக் கேட்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.

விசாத் தேதிக்குள் அடைப்பது மட்டும் சுலபமா? பொறியாளர் விசா 5 ஆண்டு, 3 ஆண்டு, 1 ஆண்டு, 3 மாதம் என்ற அளவுகளில் வருகிறது. பலருக்கு முதலில் கிடைப்பது 1 ஆண்டு. அதை நீட்டித்துக்கொண்டே போவார்கள். விசாவில் 8 மாதம் பாக்கியிருந்தால் காரின் விலையை 8 தவணையில் கட்ட வேண்டும். அவ்வளவு பணம் கையில் இருப்பவர் கடன் கேட்டு உங்களிடம் ஏன் வரப்போகிறார்?

நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவான விதி 10 ஆண்டு வாசம். படிப்பு, வயது, சம்பளம் போன்றவற்றுக்குப் புள்ளி போடும் உயர்திறன் கணக்கில் 70 புள்ளி இருந்தால் 3 ஆண்டு, 80 இருந்தால் 1 ஆண்டு. 2024 முடிவில் ஜப்பானில் சுமார் 37 லட்சத்து 70 ஆயிரம் வெளிநாட்டவர் இருந்தார்கள். அவர்களில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள், சிறப்பு நிரந்தர வசிப்பாளர்களையும் (போர் முடியும் முன்பே இங்கே வந்த கொரியர் முதலானோரின் வழிவந்தவர்கள்) சேர்த்து, ஏறக்குறைய 12 லட்சம் பேர். மிச்சமுள்ளவர்களை வாசலிலேயே நிறுத்துவது வியாபாரமாகவும் எனக்குப் புரியவில்லை.

டோக்கியோவில் என்றால் இந்த மடலே தேவையில்லை. நிஷிகசாயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரயில் போதும். இங்கே அப்படியில்லை. ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் பேருந்து எப்போதாவதுதான் வரும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், ஒரு மூட்டை அரிசி வாங்க வேண்டுமென்றாலும் கார்தான். கார், பைக் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. உதிரிபாகத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் பாகம் செய்த கார் கடைக்கு வந்ததும், அதை வாங்க அவர்களுக்குத் தகுதி போதவில்லையாம்.

உங்கள் அரசாங்கம் இப்படி நினைக்கவில்லை. கார் வாங்குவதென்றால் எங்களையும் அது சல்லடை போட்டுத்தான் பார்க்கிறது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டி நிறுத்த இடம் காட்டியாக வேண்டும். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், வரைபடம் தர வேண்டும், வாடகை இடமென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வேண்டும். காவல் நிலையம் சரிபார்த்துச் சான்று தரும். (நல்ல சட்டம். சென்னையின் தெருக்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.) அப்புறம் முத்திரை. இங்கே கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் செதுக்கிய முத்திரையைக் குத்துவது வழக்கம். 660 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் நகர அலுவலகத்தில் முத்திரையைப் பதிவுசெய்து சான்று வாங்க வேண்டும். 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் முத்திரையில், கடவுச்சீட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதிய ஒரு தமிழ்ப் பெயரைச் செதுக்கச் சொன்னால் முத்திரைக்கடைக்காரர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்! ஓட்டுநர் உரிமமும் சும்மா கிடைப்பதில்லை. இந்திய உரிமத்தை மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டிக்காட்டும் தேர்வும் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வில் 10 கேள்வி 50 ஆகிவிட்டது. தேற 90 சதவீதம் எடுக்க வேண்டும்.

காவல் நிலையம், நகர அலுவலகம், போக்குவரத்துப் பதிவு அலுவலகம் என்று எங்கே போனாலும் 'நீ நிரந்தர வசிப்பாளனா' என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

உங்கள் பயம் தெரியாமலில்லை. கடனை வைத்துவிட்டு விமானம் ஏறியவர்கள் இருக்கிறார்கள்; மறுக்கவில்லை. ஆனால் கடைசித் தவணை வரை காரின் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரையோ கடையின் பெயரையோ போட்டு வைப்பது உங்கள் வழக்கம்தானே? அந்தக் காரை உங்கள் தாள் இல்லாமல் முறைப்படி விற்கவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது. காரின் மதிப்பு குறைவதால் வரும் நட்டம் மட்டுமே உண்மையான அபாயம். அதற்கு முன்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள்; தருகிறோம். எங்களில் பலர் கைப்பேசியைத் தவணையில் வாங்கியவர்கள். அந்தத் தவணைகளை ஒழுங்காகக் கட்டினோமா என்பது சிஐசி போன்ற கடன் தகவல் அமைப்புகளில் பதிவாகியிருக்கும். சம்பளச் சீட்டும் வரிச் சான்றும் கையில் இருக்கின்றன.

நீங்கள் கதவை மூடுவதால் நாங்கள் கார் வாங்காமல் இருந்துவிடுவதில்லை. கையிலிருக்கும் ரொக்கத்துக்கு எது கிடைக்குமோ அதை வாங்குகிறோம். அது பெரும்பாலும் பழைய வண்டி. 13 ஆண்டு தாண்டினால் வரியும் கூடும். சிறிய 660 சிசி கார்களுக்கு ஆண்டு வரி 12,900 யென் ஆகிவிடும். இல்லாவிட்டால் தானே தவணை போட்டுக்கொடுக்கும் கடையிடம் போகிறோம். வட்டியே இல்லை என்பார்கள். வட்டி காரின் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சில கடைகளில் வண்டி எங்கே போகிறது என்று பார்க்கும் கருவியும் பொருத்தியிருப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். விசாவில் மிச்சமுள்ள மாதங்களைக் கடனின் எல்லையாக வைக்காதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை விசா நீட்டித்தவரையாவது, வேலை ஒப்பந்தத்தையும் வருமானத்தையும் வைத்து எடைபோடுங்கள். முன்பணம் கூட்டியவரிடம் ஜாமீன் கேட்காதீர்கள். இதெல்லாம் முடியாது என்றால், சரி, அதையாவது விலைப் பட்டியலோடு சேர்த்து முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கடன் கிடைத்துவிடும் என்ற கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்பி, வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் தரகும் கட்டிய பிறகு எங்களுக்கு மறுப்புக் கடிதம் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஹமாமட்சுவில் வாழும் ஒரு தமிழ்ப் பொறியாளன்