ஓரத்தில் நின்றவர்களுக்கு நன்றி

சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் என் காய்கறிக் கடைக்கு வரும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வருடம் உங்களில் பலர் என்மேல் வருத்தப்பட்டிருப்பீர்கள். பக்கவாட்டில் நின்று பையை நீட்டினால் நான் திரும்பவே மாட்டேன். எதிரே நிற்பவர் தெரிவார், கையில் இருக்கும் முருங்கைக்காய் தெரியும், இரண்டு ஓரமும் தெரியாது. அது குறை என்றே எனக்கு உறைக்கவில்லை. இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன், தலைவலிக்கு மாத்திரை போட்டேன், அவ்வளவுதான். காத்து நின்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

முதல் நன்றி, பக்கத்து மீன்கடைச் சீன அங்கிளுக்கு. அவர் மாற்றித் தந்த சில்லறையை நான் வாங்காமலே நின்றதை மூன்று நாள் கவனித்திருக்கிறார். நாலாம் நாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு, அவரே என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த தங்கச்சி ஒரு கண்ணை மூடச் சொல்லி, விரலை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினார். நேர் நடுவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த கண்ணும் அப்படியே. "அண்ணா, இது கண்ணாடி விஷயம் இல்லை, இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

எம்ஆர்ஐ எடுத்ததில் பிட்யூட்டரியில் கட்டி. மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி அது. அதற்கு மேலேதான் இரு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கின்றன. கீழிருந்து கட்டி அழுத்தினால் வெளிப்பக்கப் பார்வை போகும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அந்தத் தாள் இன்னும் என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கட்டி என்றதும் என் மனைவி அழுதுவிட்டாள். அப்புறம் ரத்தத்தில் அந்தச் சுரப்பி சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிக அதிகம் என்று தெரிந்தது. "இந்த வகைக்கு முதலில் மாத்திரைதான், அறுவை இல்லை" என்றார் டாக்டர். அந்தச் சொல்லுக்கே அவருக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

காபர்கோலின், வாரத்துக்கு இரண்டு முறை. தொடக்கத்தில் குமட்டல், எழுந்தால் தலைச்சுற்றல். சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்தில் போடச் சொன்ன தாதிக்கு நன்றி. இந்த மருந்து சிலருக்குச் சூதாடும் ஆசையை அடக்க முடியாமல் செய்துவிடும், 4டி லாட்டரிச் சீட்டு வாங்குவது கூடினால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று என் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார். எங்களுக்கு அது தோன்றியே இருக்காது.

ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தும் பரிசோதனையில், முதல் முறை முடிவுத் தாளின் வெளி ஓரங்கள் முழுக்கக் கறுப்பு. ஆறு வாரத்தில் அதில் பாதி வெளுத்துவிட்டது. மேல் மூலைகள் இன்னும் மங்கல்தான்.

போன சனிக்கிழமை வலப்பக்கம் வந்து நின்ற பாட்டி வாய் திறக்கும் முன்னே, "வாங்கம்மா, உங்களுக்கு முளைக்கீரை எடுத்து வைத்திருக்கிறேன்" என்றேன்.